கேட்காமல் விற்ற பங்குகள்

ஹெஸ்டர் போஸ்மாவுக்குக் கோபமே வராது என்று ஜீலண்ட் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அப்படிச் சொன்னவர்கள் யாரும் அந்தப் பிப்ரவரி மாதம் அவள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

காது கேளாத பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியை அவள். மாவட்டம் முழுக்கப் பள்ளி பள்ளியாகக் கார் ஓட்டிப் போய்ப் பாடம் சொல்லித்தருவாள். ஒரு குழந்தையின் வாயிலிருந்து ‘ஸ’ என்ற ஒலியை வரவழைக்க ஒரு வருஷம் ஆனாலும் முகம் சுளிக்க மாட்டாள். பொறுமைதான் அவளுடைய பிழைப்பு. அந்தப் பொறுமையைத்தான் அவள் பங்குச் சந்தைக்கும் எடுத்துக்கொண்டு போனாள்.

காதுக்குள் பொருத்தும் கருவி செய்கிற சோனாரெல் என்ற சின்னக் கம்பெனி. அவளுடைய மாணவி ஒருத்திக்கு அந்தக் கருவியைப் பொருத்தினார்கள். பின்வரிசையில் யாரோ காகிதம் கிழித்த சத்தத்துக்கு அந்தப் பெண் திரும்பிப் பார்த்ததை ஹெஸ்டர் கண்ணால் கண்டாள். அப்புறம் பல மாதம் யோசித்து, கம்பெனியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து, தன் ஓய்வுக்காலக் கணக்கில் அந்தப் பங்கை வாங்க ஆரம்பித்தாள். வருஷத்துக்கு இவ்வளவுதான் போடலாம் என்று அரசாங்கம் வைத்த வரம்பு வரைக்கும், ஒவ்வொரு ஜனவரியும் விடாமல் போட்டாள். பத்து வருஷத்துக்கு மேல்.

அந்தப் பங்கு ஒரு நிலையில் நிற்காது. ஒரு வருஷம் மூன்று மடங்காகும். அடுத்த வருஷம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். ஹெஸ்டர் அசைய மாட்டாள். “சாப்பாட்டுக்கு டீச்சர் பென்ஷன் இருக்கு. வீட்டுக் கடன் அடைச்சாச்சு. எழுபது வயசு வரைக்கும் இந்தக் கணக்கைத் தொடப்போறதில்ல. இன்னைக்குச் செவ்வாய்க்கெழம அது விழுந்தா எனக்கென்ன?” என்பாள். முழுசாகப் போனாலும் பட்டினி கிடக்க மாட்டோம் என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் அதில் இறங்கியிருந்தாள்.

அவள் கணவன் ஆர்லனுக்கு இதெல்லாம் ஆகாது. கதவு, ஜன்னல் பொருத்தும் தொழில் அவனுக்கு. அவனுடைய சேமிப்பு முழுக்க வங்கியில் நிரந்தர வைப்பு. அவன் தம்பி டெரில் வான்கோழிப் பண்ணை வைத்திருந்தான். பார்க்கிற போதெல்லாம் அவளைச் சீண்டுவான். “என்ன அண்ணி, உங்க சோனாரெல் இன்னும் மூச்சு விடுதா, இல்ல குழி தோண்டியாச்சா?” ஹெஸ்டரும் சிரித்துவிட்டுப் போவாள். அதுவரைக்கும் அவளுக்குக் கோபம் வந்ததில்லை, உண்மைதான்.

அந்த வருஷம் தை பிறந்த கையோடு இடுப்பு மூட்டு மாற்றிக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போனாள். இரண்டு மூன்று நாளில் திரும்பியிருக்க வேண்டியவள். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறிவிட்டது. ஐ.சி.யூ.வில் குழாயும் மயக்கமுமாகக் கிடந்து, பிழைத்து, வாக்கரைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தபோது வாசல் வரை பனி குவிந்திருந்தது.

வந்து சில நாள் கழித்துத்தான் கணினியைத் திறந்தாள். சோனாரெல் விழுந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ் ஒருத்தி சொல்லியிருந்தாள். ஈரம் புகுகிறது என்று ஒரு தொகுதிக் கருவிகளைக் கம்பெனி திரும்பப் பெற்றிருந்தது. எவ்வளவு விழுந்திருக்கிறது என்று பார்க்கலாம் என்றுதான் கணக்கைத் திறந்தாள். பார்த்தால் பங்கே இல்லை. ஒன்றுகூட இல்லை. வெறும் ரொக்கம் நின்றிருந்தது.

“ஆர்லன்!” அடிவயிற்றிலிருந்து கத்தினாள். “கணக்குல எவனோ பூந்துட்டான்! எல்லாத்தையும் வித்துட்டான்! போலீசுக்குப் போன் போடு!”

ஆர்லன் சமையலறையிலிருந்து பட்டாணி சூப் கொண்டுவந்தான். கிண்ணத்தை மேஜையில் வைத்தான். கரண்டியை எடுத்து அதன் பக்கத்தில் நேராக வைத்தான்.

“போலீஸ் வேணாம்” என்றான். “திருடன் யாரும் வரல. நான்தான் வித்தேன்.”

ஹெஸ்டருக்கு முதலில் புரியவேயில்லை. தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் உதவும் என்று அவளே எப்போதோ பாஸ்வேர்டை அவனிடம் சொல்லியிருந்தாள். அது நினைவுக்கு வந்ததும் முகத்தில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது.

“நீயா?”

“அறுவதுல இருந்தது ஒரே காலைல பாதியாப் போச்சு, ஹெஸ்டர். முப்பத்தொண்ணுக்கு வித்தேன். இன்னும் விழும்னு டிவியில எல்லாரும் சொன்னாங்க. நீ மயக்கத்துல கெடக்கற. யாரைப் போய்க் கேக்கறது?”

“கேக்க ஆள் இல்லைன்னா செய்யாம இரு.”

“பணம் எங்கயும் போகலயே! அந்தக் கணக்குக்குள்ளதான் இருக்கு. வரி கெடையாது, அபராதம் கெடையாது. ஒரு சென்ட் வெளிய எடுக்கல நான். பத்திரப்படுத்தி வெச்சிருக்கேன். அதுக்குப் போயி இப்படிப் பாக்கற?”

“யாரோட கணக்கு அது?”

“கல்யாணம் ஆகி முப்பது வருஷத்துக்கு மேல ஆகுது. உன்னுது என்னுதுன்னு என்ன இருக்கு இதுல?”

“அப்படியா? உன் பேங்க் பணத்தை எடுத்து நாளைக்கு நான் சோனாரெல் வாங்கட்டுமா?”

ஆர்லன் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினான். “சூப் ஆறுது” என்றான். ஹெஸ்டர் அந்த சூப்பைத் தொடவில்லை. எழுந்து போய்விடலாம் என்றால் சட்டென்று எழவும் முடியவில்லை. வாக்கர் கைக்கெட்டாத தூரத்தில் இருந்தது. அதை நகர்த்திக் கொடுக்கும்படி அவனிடமே கேட்க வேண்டியிருந்தது. அதற்கும் சேர்த்து அவளுக்குக் கோபம் வந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. பங்கு மேலும் விழுந்தது. இருபத்தைந்து, இருபது, பதினேழு. ஆர்லன் விற்றது சரிதான் என்று ஊரே சொல்லும்படி ஆகிவிட்டது.

மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில் சர்ச் முடிந்து எல்லோரும் இவர்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். டெரில் வந்திருந்தான். கிராண்ட் ரேப்பிட்ஸிலிருந்து மகள் மரிட் வந்திருந்தாள். மாட்டிறைச்சி வறுவலை வெட்டிக்கொண்டே டெரில் ஆரம்பித்தான்.

“அண்ணி, எங்கண்ணன் கால்ல விழுந்து கும்பிடணும் நீங்க. பாதிப் பணத்தைக் காப்பாத்திக் குடுத்திருக்கான்.”

“டெரில், நீ மயக்கமா கெடக்கும்போது உன் டிராக்டரை நான் வித்துட்டேன்னு வெச்சுக்கோ” என்றாள் ஹெஸ்டர். “மறுமாசம் டிராக்டர் வெலை எறங்கிருச்சு. நீ எனக்கு நன்றி சொல்லுவியா?”

“நல்ல வெலைக்கு வித்திருந்தா உங்களைக் கட்டிப்புடிச்சு முத்தமே குடுப்பேன் அண்ணி!”

மேஜையே சிரித்தது. மரிட்டும் சிரித்தாள். ஹெஸ்டர் மகளையே பார்த்தாள். மரிட் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

“அம்மா, அப்பா கேக்காமச் செஞ்சது தப்புதான். ஆனா—”

“அந்த ஆனாவை மட்டும் எடுத்துட்டுச் சொல்லு.”

“அம்மா…”

“சொல்லேன். அப்பா செஞ்சது தப்பு. அதோட நிறுத்து.”

மரிட்டால் நிறுத்த முடியவில்லை. “நல்லதுக்குத்தானேம்மா” என்றாள். ஆர்லன் தலை நிமிராமல் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்தான். அவன் உதட்டோரத்தில் ஒரு சின்னத் திருப்தி இருந்ததை ஹெஸ்டர் பார்த்துவிட்டாள். ஒருத்தன் பூட்டைத் திறந்து உள்ளே போகிறான். வீடு தீப்பிடித்தது, அதனால் அவன் நல்லவன். இனி யாரிடம் போய் நியாயம் கேட்பது? விலையே அவனுக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை சந்தை திறந்ததும் ஹெஸ்டர் கணினி முன்னால் உட்கார்ந்தாள். பாஸ்வேர்டை முன்னமே மாற்றியிருந்தாள். கணக்கில் இருந்த ரொக்கம் முழுவதற்கும் சோனாரெல் வாங்கினாள், பதினேழுக்கு. முன்பிருந்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்குப் பங்குகள் வந்தன. முதல் முறை வாங்கியபோது பல மாதம் யோசித்தவள் இம்முறை அரை மணிகூட யோசிக்கவில்லை. கம்பெனி பிழைக்கும் என்று அவள் நம்பினாள், அது நிஜம். ஆனால் அன்று வாங்கியது நம்பிக்கையில் அல்ல, கோபத்தில். அது அவளுக்கே தெரிந்திருந்தது.

ஒளிக்கவில்லை. ஆர்லன் மத்தியானம் சாப்பிட வந்ததும் சொல்லிவிட்டாள்.

அவன் தொப்பியைக் கழற்றி நாற்காலியில் எறிந்தான். “உனக்கென்ன பைத்தியமா? காப்பாத்தினதைக் கொண்டுபோய் மறுபடி நெருப்புலயே போட்டிருக்க! எங்கப்பா இப்படித்தான் பண்ணார். வெலை ஏறும் ஏறும்னு நெலமா வாங்கிக் குவிச்சார். கடைசியில ஏலத்துக்கு டிராக்டரை ஓட்டிட்டுப் போனது யார்? நான்! எனக்குப் பத்தொம்பது வயசு!”

“உங்கப்பா பண்ணைக்கு நான் பொறுப்பில்ல, ஆர்லன். அவர் கடன் வாங்கி வாங்கினார். நான் ஒரு டாலர் கடன் வாங்கல. அந்த ஏலத்தை இத்தனை வருஷமா இந்த வீட்டுல நடத்திட்டிருக்க. போதும்.”

முப்பது வருஷத்தில் அவன் அப்பாவைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று சொன்னாள். சொன்னதற்கு வருத்தப்படவும் இல்லை. தையல் அறையில் ஒரு கட்டிலைப் போடச்சொல்லி, அன்றிலிருந்து அங்கேயே படுத்துக்கொண்டாள்.

பங்கு அப்புறமும் இறங்கியது. ஆர்லன் புதுசாக ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டான். காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே போனைப் பார்த்து விலையைச் சொல்வான்.

“பதினாலு இருவது.”

“உன்னைக் கேட்டேனா?”

“சும்மா சொன்னேன்.”

மறுநாள், “பதிமூணு.” அதற்கடுத்த வாரம், “பன்னெண்டரை. நல்லாத்தான் போகுது.” ஒவ்வொரு தரமும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பியைக் குடித்தாள். ஜூன் மாதம் ஒரு நாள், “பதினொண்ணு” என்று சொல்லிவிட்டு அவன் போனை மேஜையில் வைத்தான். அதற்குள் ஹெஸ்டர் வாக்கரை விட்டுவிட்டுக் கைத்தடிக்கு மாறியிருந்தாள். எழுந்தாள். போனை எடுத்தாள். பாத்திரம் ஊறிக்கொண்டிருந்த சோப்புத் தண்ணீரில் போட்டாள்.

“சும்மாதான் போட்டேன்” என்றாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் விலை சொல்லவில்லை. வேறெதுவும் அதிகம் பேசிக்கொள்ளவும் இல்லை. கோடையில் தோட்டத்துப் புல்லை அவன் வெட்டினான். அவள் தக்காளி பறித்து வைத்தாள். சர்ச்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நன்றாயிருக்கிறீர்களா என்று கேட்டவர்களுக்கு நன்றாயிருக்கிறோம் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

சோனாரெல் பிழைத்தது. ஈரம் புகாத புதுக் கருவிக்கு இரண்டாம் வருஷம் அரசு அனுமதி கிடைத்தது. பதினொன்று இருபதானது, இருபது நாற்பதானது. நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் கால்வாசி இறங்கியது. அன்றைக்கு ஹெஸ்டருக்கே விற்றுவிடலாமா என்று தோன்றியது. ஆனாலும் விற்கவில்லை. கோபத்தில் வாங்கியதைப் பயத்தில் விற்றால் தான் எந்த வகையில் ஆர்லனைவிட மேல் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். நான்காம் வருஷம் இலை உதிரும் காலத்தில் அது தொண்ணூறைத் தாண்டியது.

அந்த வருஷம் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்து டெரில் வீட்டில். ஊருக்குப் புதிதாக வந்திருந்த பாதிரியாரையும் அவர் மனைவியையும் அழைத்திருந்தார்கள். மரிட் தன் கணவனோடு வந்திருந்தாள். பேச்சு எப்படியோ பணத்துக்குத் திரும்பியது. எதில் சேமிப்பது என்றே தெரியவில்லை என்று பாதிரியார் அலுத்துக்கொண்டார். ஆர்லன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

“நாங்க ஒரு வேலை பண்ணோம், கேளுங்க” என்றான். “காதுல வெக்கற கருவிக் கம்பெனி. முப்பத்தொண்ணுல நான் வித்துட்டேன். கீழ போகட்டும்னு காத்திருந்தோம். பதினேழுல இவ வாங்கினா. அதே பணம், ரெண்டு மடங்கு ஷேர். இப்ப தொண்ணூறு! நான் விக்க, இவ வாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து ஆடின ஆட்டம்.”

“அடேயப்பா!” என்றார் பாதிரியார்.

டெரில் கிளாஸைத் தூக்கினான். “மூளை எங்கண்ணனுது. கை மட்டும் அண்ணியோடது.”

ஹெஸ்டர் முள்கரண்டியை வைத்தாள். காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது.

“எந்த ஆட்டம், ஆர்லன்?”

“அதான்…”

“யார் காத்திருந்தோம்? நான் பதினேழுக்கு வாங்கின அன்னைக்கு என்னைப் பைத்தியம்னு சொல்லித் தொப்பியைத் தூக்கி எறிஞ்ச. பதினொண்ணுக்கு எறங்குற வரைக்கும் தெனம் காலைல எனக்கு வெலை வாசிச்ச. இப்ப நாமன்னு சொல்ற.”

“ஹெஸ்டர், பாதிரியார் இருக்கார்.”

“இருக்கட்டும். பாதிரியாரே, நான் ஐ.சி.யூ.வுல மூச்சுக்குத் தவிச்சிட்டிருந்தேன். இவர் வீட்டுக்குப் போய் என் பாஸ்வேர்டைப் போட்டு, பத்து வருஷமா நான் சேத்ததை ஒரு காலைல வித்துட்டார். நான் கண்ணு முழிச்ச பிறகும் சொல்லல. நானா கண்டுபிடிச்சேன். இதுதான் ஆட்டம்.”

பாதிரியாரின் மனைவி தட்டையே பார்த்தாள். ஆர்லனுக்குக் கழுத்து வரை சிவந்துவிட்டது.

“இப்ப என்னதான் வேணும் உனக்கு? நான் விக்கலைன்னா நீ கீழ வாங்கியிருப்பியா? பாதி ஷேர்தானே இருந்திருக்கும்? லாபம் சம்பாதிச்சுக் குடுத்ததுக்கு நான் மன்னிப்புக் கேக்கணுமா?”

“ஆமா. கேக்கணும்.”

“அண்ணி, வான்கோழி ஆறிடும்” என்றான் டெரில்.

“நீ வாயை மூடு, டெரில். எனக்கு வெலையைப் பத்திப் பேச்சே வேணாம். விழுந்திருந்தாலும் சரி, ஏறியிருந்தாலும் சரி. உன்னுது இல்லாததை எடுத்தேன்னு ஒரு தடவ சொல்லு, ஆர்லன். நாலு வருஷமா அதை மட்டும்தான் கேக்கறேன்.”

ஆர்லன் வாயைத் துடைத்துக்கொண்டு, “கொஞ்சம் கிரேவி குடு, மரிட்” என்றான்.

மறுநாள் காலை ஹெஸ்டர் பெட்டி கட்டினாள். ஏரிக்கரையில், கிராண்ட் ஹேவனில், குளிர்காலத்துக்கு மூடிக்கிடந்த சைக்கிள் கடைக்கு மேலே ஒரு சின்ன வீடு வாடகைக்குக் கிடைத்தது. ஆர்லன் வாசலில் கை கட்டிக்கொண்டு நின்றான்.

“வக்கீல்னு போனா அந்தக் கணக்குல பாதி எனக்குன்னு கோர்ட்டே சொல்லும். தெரியும்ல?”

“தெரியும்” என்றாள். “பாதி எடுத்துக்கோ. முழுசாக்கூட எடுத்துக்கோ. ஆனா கேட்டு எடுத்துக்கோ.”

கார் கிளம்பியதும் அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. ஏரி வருகிற வரைக்கும் கோபம் மட்டும்தான் கூட வந்தது.

மரிட் போன் செய்து கெஞ்சினாள். டெரில்கூட ஒரு நாள் உறைந்த வான்கோழி ஒன்றைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு, “நான் ஒண்ணும் சொல்ல வரல அண்ணி” என்று சொல்லிவிட்டுப் போனான். ஆர்லன் வரவில்லை. கிறிஸ்துமஸ் போனது. புது வருஷம் வந்தது.

ஜனவரியில் பெரும்பனி கொட்டிய ஒரு மத்தியானம், வெளியே மண்வெட்டி உரசும் சத்தம் கேட்டது. ஹெஸ்டர் ஜன்னல் வழியே பார்த்தாள். ஆர்லன் அவள் படிக்கட்டில் பனியை அள்ளிக்கொண்டிருந்தான். கீழ்ப்படி வரை அள்ளி முடித்தபின்னும் மேலே வராமல் அங்கேயே நின்றான். அவள் கதவைத் திறந்தாள்.

“உள்ள வா. தெருவுல நிக்காத.”

உள்ளே வந்தான். பூட்ஸைக் கழற்றவில்லை. மேட் மீதே நின்றான்.

“அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு நான் உனக்குச் சொன்னதில்ல” என்றான். “டாக்டர் காலைல என்னைத் தனியாக் கூப்பிட்டார். வரவேண்டியவங்களையெல்லாம் வரச் சொல்லிடுங்கன்னார். நான் மரிட்டுக்குப் போன் பண்ணேன். அப்புறம் வீட்டுக்கு வந்தேன். உன் அலமாரியத் தெறந்து… அந்த நீல டிரெஸ் இருக்குல்ல, மரிட் கல்யாணத்துக்குப் போட்டது. அதைத் தேடி எடுத்து வெச்சேன்.”

எதற்கு என்று கேட்க வாயெடுத்த ஹெஸ்டர் பாதியில் நிறுத்திக்கொண்டாள். எதற்கு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. சவப்பெட்டியில் வைக்கும்போது உடுத்துவதற்கு.

“டிவி ஓடிட்டிருந்துச்சு. சோனாரெல் பாதியாப் போச்சுன்னான். ‘எனக்கு ஏதாவது ஆச்சுன்னா உதவும்’னு சொல்லி நீ குடுத்த பாஸ்வேர்டுதானே. ஆயிருச்சுன்னு நெனச்சேன். நீ போயிட்டன்னு முடிவே பண்ணிட்டேன், ஹெஸ்டர். நீ இல்லாத வீட்டுல அது ஏறுறதையும் எறங்குறதையும் பாத்துட்டு உக்காந்திருக்க முடியாதுன்னு தோணுச்சு. வித்துட்டேன். மூணாம் நாள் நீ கண்ணு முழிச்ச.”

“அப்பவே ஏன் சொல்லல?”

“எப்படிச் சொல்லுவேன்? நீ செத்துட்டன்னு நெனச்சேன்னா? டிரெஸ்ஸெல்லாம் எடுத்து வெச்சேன்னா? வெலை விழுந்துச்சு. அதைச் சொல்லிட்டுத் தப்பிச்சுக்கிட்டேன். அப்புறம் அதையே புடிச்சுக்கிட்டேன்.” மூக்கைக் கையுறையால் துடைத்தான். “உன்னுதை எடுத்தேன். கேக்காம எடுத்தேன். தப்பு.”

‘ஆனா’ என்று ஒன்று வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

மனசு இளகியிருக்க வேண்டும். கொஞ்சம் இளகவும் செய்தது. ஆனால் அதற்கு மேலே ஒரு புதுக் கோபம் கொதித்துக் கிளம்பியது.

“நாலு வருஷம், ஆர்லன்! வெலையைப் பத்தியே நாலு வருஷம் சண்டை போட வெச்சியே என்னை! அந்த மூளைகெட்ட நம்பரைப் பத்தி! இதைச் சொல்லியிருந்தா அன்னைக்கே நான் அழுதுட்டு விட்டிருப்பேன். நான் மூச்சு விட்டுட்டு இருக்கும்போதே என்னைப் புதைச்ச. எழுந்து வந்த பிறகாவது தோண்டி எடுத்திருக்கலாம்ல?”

“பயமா இருந்துச்சு.”

“எனக்கும்தான் பயமா இருந்துச்சு. மூச்சு முட்டினது எனக்கு!”

அவன் அழுதான். அவள் அழவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்து முடித்ததும், “எத்தனை பேர் முன்னாடி பெருமை அடிச்சியோ, அத்தனை பேர் முன்னாடி இதையும் சொல்லு. அப்புறம் பாக்கலாம்” என்று சொல்லி அனுப்பிவைத்தாள்.

பனி உருகத் தொடங்கிய சமயம், டெரில் வீட்டில் யூக்கர் சீட்டாட்டம். அதே பாதிரியார், அதே மனைவி, மரிட், அவள் கணவன். ஹெஸ்டர் தன் காரில் தனியாக வந்து தனியாக உட்கார்ந்தாள். இரண்டு ஆட்டம் முடிந்தது. மூன்றாவது ஆட்டத்தின் நடுவில், தன் முறை வந்தபோது, ஆர்லன் சீட்டைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

“தேங்க்ஸ்கிவிங் அன்னைக்கு நான் சொன்னது பொய்” என்றான், யாரையும் பார்க்காமல். “நாங்க எந்தத் திட்டமும் போடல. ஹெஸ்டர் நோவுல கெடந்தப்ப அவளைக் கேக்காம நான் எடுத்து வித்தேன். அது அவளோடது. அவகிட்ட மறைச்சேன். லாபம் வந்தது அவ புத்தியாலயும் தைரியத்தாலயும். என்னால இல்ல.”

“சரி சரி, ஒரு கோடீஸ்வரியைக் கட்டிக்கிட்டா இதெல்லாம் சகஜம்” என்று டெரில் சிரித்தான்.

“டெரில், சிரிக்காத” என்றான் ஆர்லன். குரல் உயரவில்லை. ஆனால் டெரில் சிரிப்பை நிறுத்திவிட்டான். மரிட் மேஜைக்கடியில் அம்மாவின் கையைப் பிடித்தாள். “அப்பா செஞ்சது தப்பும்மா” என்றாள் மெதுவாக. அதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஹெஸ்டர் தலையசைத்தாள். “உன் முறை, ஆர்லன். சீட்டைப் போடு” என்றாள்.

அவன் சொல்லி முடித்ததும் நாலு வருஷத்துக் கோபம் ஒரேயடியாக இறங்கிவிடும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை. கொதி அடங்கியது, சூடு இருந்தது. அந்த வாரம் சோனாரெல் மறுபடி பத்துப் பன்னிரண்டு டாலர் சறுக்கியிருந்தது. அதைப் பற்றி அவளும் பேசவில்லை, அவனும் கேட்கவில்லை. எழுபது வயசுக்கு இன்னும் காலம் இருந்தது. விற்கிற எண்ணம் அவளுக்கு இல்லை.

மே மாதம் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ஜீலண்டுக்குத் திரும்பினாள். பெட்டிகளை ஆர்லன் வண்டியில் ஏற்றினான். தையல் அறைக் கட்டிலை என்ன செய்வது என்று கேட்டான். “அது அங்கயே இருக்கட்டும்” என்றாள். சரி என்றான். வழி நெடுக அவன் சர்ச் கூரை மாற்றுகிற செலவைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். ஏரிக்கரை வளைவில் வழக்கம்போல வேகத்தைக் குறைக்காமல் திருப்பினான். பின்னால் அவள் கண்ணாடிச் சாமான் பெட்டி கடகடவென்று உருண்டது.

“மெதுவாப் போயேன், சனியனே!” என்று ஹெஸ்டர் கத்தினாள். இத்தனை வருஷமும் அந்த வளைவில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், அன்றுதான் முதல் தடவையாக வாய் திறந்து கத்தினாள்.

ஆர்லன் பிரேக்கை மிதித்தான்.